நிறுவனத்தின் அமைப்பு மாறினால் நிலுவையிலுள்ள உரிம விண்ணப்பம் என்னவாகும்? வாசகர் கேள்வி–பதில்

தொழில் உரிமங்கள் குறித்துத் திருநெல்வேலி, தென்காசி மாவட்ட வாசகர்கள் அனுப்பியுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை ஒரே கவலையைச் சுற்றியே அமைந்துள்ளன. அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே நிறுவனத்தின் அமைப்பை மாற்ற நேர்ந்தால், அந்த விண்ணப்பம் செல்லுமா, கட்டிய கட்டணமும் காத்திருந்த காலமும் வீணாகுமா என்பதே அந்தக் கவலை. சிறு நிறுவனங்கள் பெரும் இழப்பைச் சந்திக்கும் இடம் இது என்பதால், இவ்விதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தகப்பனாரும் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் பங்குதாரர்களாக இருந்து அப்பளத் தொழில் நடத்தி வருகிறோம். புதிதாகக் கட்டிய கூடத்துக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். இதற்கிடையில் கடன் தரவிருக்கும் வங்கி, எங்கள் கூட்டு நிறுவனத்தை எல்.எல்.பி.யாகவோ (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை) பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் ஆடிட்டர் அண்ணாச்சி, "பேர்தானே மாறுது, லைசென்ஸ் கைக்கு வந்த பொறவு திருத்திக்கிடலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆடிட்டரின் யோசனையை ஏற்க வேண்டாம். மாறுவது பெயர் மட்டுமன்று, விண்ணப்பித்தவரே மாறுகிறார். உரிமம் என்பது கட்டடத்துக்கோ எந்திரத்துக்கோ தரப்படுவதில்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட தொழிலைச் செய்வதற்காக, குறிப்பிட்ட ஒருவருக்குத் தரப்படுகிறது. அந்த ஒருவர் தனிமனிதராகவும் இருக்கலாம், கூட்டு நிறுவனமாகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம். ஆகவே எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்பும், அந்த மாற்றத்துக்குப் பிறகு சட்டத்தின் பார்வையில் அதே ஆள்தான் விண்ணப்பதாரராக நிற்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்தே அதை வைத்திருப்பவர் யாரென்று சொல்லிவிடும். தனிநபருக்கு 'பி', கூட்டு நிறுவனத்துக்கு 'எஃப்', கம்பெனிக்கு 'சி'. கூட்டு நிறுவனம் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ மாறும்போது புதிய பான் எண் வாங்க வேண்டும். பான் மாறினால் ஜி.எஸ்.டி. விதிகளின்படி புதிய பதிவும் பெற வேண்டும். பழைய பதிவில் திருத்தம் செய்துகொள்ள விதி இடம் தருவதில்லை. நீங்கள் அப்பளம் ஏற்றுமதி செய்பவர்களானால், ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீடும் இப்போது பான் எண்ணாகவே இருப்பதால் அதுவும் மாறும். இவ்வளவும் மாறும்போது, பழைய பான் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதிவேற்றிய விண்ணப்பம் மட்டும் தானாகப் புதிய நிறுவனத்தின் பெயருக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கத்துக்கு மட்டுமே உதவும். பான் மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று உறுதியாகக் கொள்ளலாம்; பான் மாறவில்லை என்பதற்காகக் கவலையே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. அதற்கான காரணத்தைப் பாளையங்கோட்டை வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

வங்கி சொல்லும் இரண்டு வழிகளில், நிலுவை விண்ணப்பத்தைப் பொறுத்தவரை எல்.எல்.பி. சற்றுப் பாதுகாப்பானது. 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின்கீழ் கூட்டு நிறுவனம் மாற்றப்படும்போது, அதன் சொத்துகள், உரிமைகள், கடமைகள் அனைத்தும் தனியாக எந்தப் பத்திரமும் எழுதாமலேயே எல்.எல்.பி.யைச் சேர்கின்றன. நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ எந்த அதிகார அமைப்பின் முன்போ நிலுவையிலுள்ள நடவடிக்கைகளை எல்.எல்.பி. தொடரலாம் என்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. அதிகார அமைப்பு என்ற சொல் அங்கே இடம்பெற்றிருப்பதால், உரிமம் வழங்கும் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் உள்ள விண்ணப்பமும் அதில் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் ஏற்கெனவே பெற்ற உரிமங்கள் பற்றி அதே அட்டவணை பேசுமிடத்தில், அந்தந்த உரிமத்துக்குரிய சட்டத்துக்கு உட்பட்டே அவை தொடரும் என்கிறது. வந்த உரிமத்துக்கே இந்த வரம்பு என்றால், வராத உரிமத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேரடியாக கம்பெனியாக மாறினால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 366ஆம் பிரிவு முதலானவை பொருந்தும். அங்கே தொடரும் என்று சொல்லப்படுபவை வழக்குகளும் பிற சட்ட நடவடிக்கைகளுமே. உரிமம் கேட்கும் ஒரு விண்ணப்பத்தை அந்தச் சொற்களுக்குள் கொண்டுவருவது இன்னும் கடினம்.

வாதிட இடமுண்டு என்பதற்காக அந்த வாதத்தின்மேல் தொழிலைக் கட்ட வேண்டாம். எல்.எல்.பி.யாகப் பதிவான அன்றே பழைய கூட்டு நிறுவனம் கலைந்துவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. அதன்பிறகு அந்தப் பழைய பெயரில் உரிமம் வந்தால், இல்லாத ஒருவருக்கு வந்த உரிமமாகிவிடும். அதைச் சுவரில் மாட்டிக்கொண்டு புதிய நிறுவனம் அப்பளம் விற்றால், உரிமமின்றித் தொழில் செய்ததாகவே அலுவலர் கொள்ள முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, விண்ணப்பித்து இரண்டு மாதங்களுக்குள் உரிமம் தரப்படாமலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படாமலும் இருந்தால் தொழிலைத் தொடங்கிக்கொள்ள விண்ணப்பதாரரை அனுமதிக்கிறது. அந்தச் சலுகையும் விண்ணப்பித்தவருக்கே உரியது. பழைய நிறுவனம் காத்திருந்த நாட்களைப் புதிய நிறுவனம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதே என் கருத்து.

என்ன செய்யலாம்? புதிய கூடத்தை அலுவலர் வந்து பார்வையிட்டுச் சென்றுவிட்டார் என்றால், உரிமம் கைக்கு வரும்வரை மாற்றத்தைத் தள்ளி வையுங்கள். வங்கியிடம் எழுத்து மூலமாக அவகாசம் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள், ஏனெனில் உரிமம் இல்லாத கூடத்துக்குக் கடன் தருவதில் அவர்களுக்கும் நன்மையில்லை. விண்ணப்பம் இப்போதுதான் பதிவாகியிருக்கிறது, கட்டணம் செலுத்தியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால், கட்டணம் திரும்பி வராது என்றே வைத்துக்கொண்டு, நிறுவனத்தை முதலில் மாற்றிவிட்டுப் புதிய பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் நடுவே, பாதி பரிசீலனையில் இருக்கும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வழி.

எல்.எல்.பி.யாக மாறுவதென்று முடிவு செய்தால் இன்னும் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். பழைய நிறுவனத்தின் பங்குதாரர்கள் அனைவரும் எல்.எல்.பி.யில் இருக்க வேண்டும். புதிதாக ஒருவரையும் அந்தக் கட்டத்தில் சேர்க்க முடியாது. தகப்பனாருக்கு ஓய்வு கொடுக்கவோ மைத்துனரைச் சேர்க்கவோ எண்ணமிருந்தால், மாற்றத்துக்கு முன்போ பின்போ தனியாகச் செய்துகொள்ள வேண்டும். பதிவான 15 நாட்களுக்குள் கூட்டு நிறுவனங்களின் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும். பதிவாகி 14 நாட்களுக்கு மேற்படாமல் தொடங்கி 12 மாத காலத்துக்கு, நிறுவனம் அனுப்பும் அலுவல் கடிதங்கள் அனைத்திலும் இது இன்ன கூட்டு நிறுவனத்திலிருந்து இன்ன நாளில் மாற்றப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உரிம அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் இந்தக் குறிப்பு இருந்தால், மாற்றத்தை மறைத்தீர்கள் என்று பின்னால் எவரும் சொல்ல முடியாது.

கேள்வி: சங்கரன்கோவிலில் துணித் தொழில் செய்யும் எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம். சாயப் பட்டறைக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பெயர் மாறினாலும் கம்பெனி அதேதான். பான் எண்ணும் அதேதான். பெயர் மாற்றச் சான்றிதழின் நகலை இணைத்து, விண்ணப்பத்தில் பெயரைத் திருத்தித் தருமாறு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். அடுத்த இரண்டாண்டுகளுக்குப் புதிய பெயரோடு பழைய பெயரையும் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் காட்ட வேண்டும் என்பது 12ஆம் பிரிவின் கட்டளை. அதை விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: இராதாபுரம் வட்டத்தில் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான பட்டா நிலத்தில் கல்குவாரி நடத்த அனுமதி கேட்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் கம்பெனியின் 70 விழுக்காடு பங்குகளை வாங்க முன்வந்துள்ளார். நிலத்துக்கும் எந்திரங்களுக்கும் மட்டுமின்றி, "விண்ணப்பம் முன்வரிசையில் இருக்கிறது" என்பதற்கும் சேர்த்தே விலை பேசப்படுகிறது. பங்கு கைமாறினால் விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வருமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. பங்குகள் கைமாறுவதால் கம்பெனி மாறுவதில்லை. விண்ணப்பித்தது கம்பெனி, நிலத்தின் பட்டா கம்பெனியின் பெயரில் இருக்கிறது, உரிமையாளர்கள் யாராக இருந்தாலும் கம்பெனி அதே கம்பெனிதான். எனவே இந்த ஒரு காரணத்தால் மட்டும் விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. ஆனால் விண்ணப்பத்தோடு தந்த இயக்குநர் பட்டியலும், இயக்குநர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆவணங்களும் உண்மையான நிலையைக் காட்ட வேண்டும். பழைய இயக்குநர் விலகிப் புதியவர் வந்தால் கம்பெனிப் பதிவாளருக்கு 30 நாட்களுக்குள் தெரிவிப்பது எல்லாருக்கும் தெரிந்த கடமை. அதே வாரத்தில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கனிம வளத்துறைக்கும் தெரிவித்து, புதிய இயக்குநரின் உறுதிமொழி ஆவணத்தையும் தாக்கல் செய்வதுதான் முறை. விதிமீறல் வழக்கில் சிக்கிய ஒருவர் பங்கு வாங்கும் வழியாகப் பின்வாசலில் நுழைகிறாரா என்று பார்ப்பதற்கு அரசுக்கு முழு உரிமை உண்டு. குவாரியால் கிணறும் வீடும் பாதிக்கப்படும் ஊர்மக்களுக்கு, அதை யார் நடத்தப் போகிறார் என்பது முக்கியமான செய்தி.

சில துறைகளில் பங்கு மாற்றத்துக்கே முன் அனுமதி தேவை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வங்கியல்லா நிதி நிறுவனங்களில் 26 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு கைமாறினால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பங்குதானே, கம்பெனி அப்படியேதான் இருக்கிறது என்ற வாதம் அங்கே எடுபடாது.

உங்களுடைய இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நிலுவையிலுள்ள விண்ணப்பத்துக்கு விலை பேசாதீர்கள். நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்ற ஹிந்த் ஸ்டோன் வழக்கு இதற்கு நல்ல சான்று. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959இல் 2.12.1977 அன்று 8–சி என்ற விதி சேர்க்கப்பட்டது. கருங்கிரானைட் குத்தகையை இனித் தனியாருக்குத் தருவதில்லை என்பது அதன் சாரம். அதற்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், தாங்கள் விண்ணப்பித்த நாளில் இந்தத் தடை இல்லை என்றும், அரசு தாமதம் செய்ததற்குத் தாங்கள் பலியாகக் கூடாது என்றும் வாதிட்டனர். உயர் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். ஆனால் 1981இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், குத்தகையோ புதுப்பித்தலோ கிடைத்தே தீரும் என்ற உரிமை எவருக்கும் இல்லை என்றும், விண்ணப்பத்தை முடிவு செய்யும் நாளில் நடைமுறையிலுள்ள விதிப்படியே அது தீர்மானிக்கப்பட வேண்டும் என்றும் கூறிவிட்டது. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோதும், அதற்கு முன் வந்த விண்ணப்பங்களில் சட்டம் விலக்களித்த சிலவற்றைத் தவிர மற்றவை ஒரே பிரிவின் மூலம் தகுதியிழந்தன.

ஆகவே முன்வரிசையில் இருக்கும் விண்ணப்பம் என்பது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே; அது கம்பெனியின் சொத்து அன்று. வாங்குபவரும் நீங்களும் நேர்மையாக நடந்துகொள்ள விரும்பினால், நிலத்துக்கும் எந்திரங்களுக்கும் உரிய விலையை இப்போது பேசி, அனுமதி கிடைத்தால் மட்டும் தரவேண்டிய தொகையைத் தனியாக ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு ஒரு காலவரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கும் விண்ணப்பித்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 11ஆம் பத்தி, ஒருவருக்குக் கிடைத்த அனுமதியை அவரது எழுத்துபூர்வமான சம்மதத்தோடு இன்னொருவருக்கு மாற்றிக்கொள்ள வழி தருகிறது. அது கிடைத்த அனுமதிக்கு மட்டுமே உரியது. பங்கு விற்பனையை விட்டுவிட்டு நிலத்தையே வேறொரு கம்பெனிக்கு விற்கும் யோசனைக்கு நீங்கள் மாறினால், பரிசீலனையிலுள்ள விண்ணப்பத்துக்கு அந்தப் பத்தி கைகொடுக்காது.

கேள்வி: பாளையங்கோட்டையில் மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து மொத்த மருந்து வியாபாரம் செய்கிறோம். வண்ணார்பேட்டையில் இரண்டாவது கிடங்குக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்துள்ளோம். சென்ற மாதம் ஒரு பங்குதாரர் விலகி, அவர் இடத்தில் வேறொருவர் சேர்ந்தார். நிறுவனத்தின் பெயரும் பான் எண்ணும் அப்படியே இருக்கின்றன. எதையும் தெரிவிக்க வேண்டுமா?

பதில்: உடனே தெரிவிக்க வேண்டும். அதுவும் கிடங்கு விண்ணப்பத்துக்காக மட்டுமன்று. கையிலிருக்கும் உரிமமே இப்போது காலக்கெடுவுக்குள் வந்துவிட்டது. மருந்து விதிகள், 1945இன்படி வழங்கப்படும் விற்பனை உரிமங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். நிறுவனத்தின் அமைப்பு மாறினால் உரிமம் வழங்கும் அலுவலருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். மாறிய அமைப்பின் பெயரில் புதிய உரிமம் பெறாவிட்டால், இருக்கும் உரிமம் மாற்றம் நடந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதங்களுக்கே செல்லும். கணக்கு தொடங்குவது நீங்கள் தெரிவிக்கும் நாளிலிருந்து அன்று. பங்குதாரர் விலகிய நாளிலிருந்து. பான் எண் மாறாததால் ஒன்றும் ஆகாது என்று மூன்று மாதம் கழித்து விழித்துக்கொள்பவர்கள், அதுவரை உரிமமின்றி மருந்து விற்றவர்களாகிவிடுகிறார்கள்.

முதல் வேலையாக, மாறிய அமைப்பின் பெயரில் பாளையங்கோட்டைக் கடைக்குப் புதிய உரிமம் கேட்டு விண்ணப்பியுங்கள். வண்ணார்பேட்டை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, புதிய பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரத்தோடு மீண்டும் தாக்கல் செய்வதே நல்லது. பழைய பத்திரத்தை அடிப்படையாகக் கொண்ட விண்ணப்பத்தில் உரிமம் வந்தாலும் அது குறையுள்ளதாகவே இருக்கும். விலகியவரே கடையின் தகுதியுள்ள நபராக, அதாவது மருந்து விற்பனையைக் கவனிக்க விதிப்படி தகுதி பெற்றவராக, காட்டப்பட்டிருந்தால், அவர் விலகிய நாளிலிருந்தே அந்த இடம் காலியாகிவிட்டது. அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். நிறுவனம் பதிவு பெற்றதாக இருந்தால், கூட்டு நிறுவனங்களின் பதிவாளருக்கும் 1932ஆம் ஆண்டுக் கூட்டு நிறுவனச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் மாற்றத்தை அறிவியுங்கள். பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை விலகியவரின் பொறுப்பும் தொடரும் என்பதால், அந்த அறிவிப்பை அவரும் விரும்புவார்.

கேள்வி: திருநெல்வேலி டவுணில் என் தகப்பனாரும் நானும் மட்டும் பங்குதாரர்களாக இருந்து அல்வாக் கடை நடத்தினோம். சந்திப்புப் பகுதியில் கிளை தொடங்க உரிமம் கேட்டிருந்த நிலையில் அப்பா தவறிவிட்டார்கள். கிளைக்கான விண்ணப்பத்தை நான் தொடரலாமா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இருவர் மட்டுமே இருந்த கூட்டு நிறுவனத்தில் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த நிறுவனம் கலைந்துவிடுகிறது. ஒருவரே தமக்குத் தாமே பங்குதாரராக இருக்க முடியாது. 1965இல் சேத் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே கிளைக்கான விண்ணப்பத்தைத் தந்த நிறுவனம் இப்போது இல்லை. அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு, உங்கள் பெயரிலோ, தாயாரையோ உடன்பிறந்தவர்களையோ சேர்த்து அமைக்கும் புதிய நிறுவனத்தின் பெயரிலோ புதிதாக விண்ணப்பியுங்கள்.

டவுண் கடையின் உரிமம்தான் அவசரமானது. உரிமம் பெற்றவர் இறந்தால், அது அவருடைய சட்டப்படியான வாரிசுக்காகவோ குடும்பத்தவருக்காகவோ 90 நாட்கள் வரை நீடிக்கும் என்றும், அதற்குள் அவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றிக் கேட்க வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகள், 2011 சொல்கின்றன. கருமாதிக் காரியங்கள் முடிந்து வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போடுவதற்குள்ளேயே பாதி நாட்கள் ஓடிவிடும். ஆகவே சான்றிதழுக்காகக் காத்திராமல், இறப்புச் சான்றிதழை இணைத்து நியமன அலுவலருக்கு இன்றே ஒரு கடிதம் தந்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் இயங்கும் எங்கள் கம்பெனி, முழுப் பங்குகளையும் வைத்திருக்கும் தாய்க் கம்பெனியோடு இணைக்கப்பட உள்ளது. விரிவாக்கத்துக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இசைவாணை (வாரியம் தரும் அனுமதி) கேட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. இணைப்பு ஆணை வந்தால் எல்லாம் தாமாகவே தாய்க் கம்பெனிக்குப் போய்விடும் என்று தலைமை அலுவலகம் சொல்கிறது. இப்போது வாரியத்திடம் சொன்னால் கோப்பு பின்னுக்குப் போய்விடும் என்றும் அஞ்சுகிறார்கள். உள்ளூர் நிர்வாகியாகிய நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எல்லாம் தாமாகவே போய்விடும் என்பது பாதி உண்மை. கம்பெனிச் சட்டத்தின் 232ஆம் பிரிவின்கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டாலும் சரி, உங்களைப் போன்ற முழுத் துணைக் கம்பெனிகளுக்கென உள்ள 233ஆம் பிரிவின் விரைவு வழியில் சென்றாலும் சரி, சொத்துகளும் கடன்களும் தாய்க் கம்பெனியைச் சேரும். உங்கள் கம்பெனி கலைந்துவிடும். ஆனால் 233ஆம் பிரிவு, தொடரும் என்று சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள சட்ட நடவடிக்கைகளை. வாரியத்திலுள்ள விண்ணப்பத்தைப் பற்றி அது பேசவில்லை.

ஆணை இருந்தாலும் மூன்றாம் தரப்பின் சம்மதம் தேவைப்படும் இடங்கள் உண்டு. 1986இல் ஜெனரல் ரேடியோ வழக்கில், உயர் நீதிமன்றம் ஒப்புதல் தந்த இணைப்பின் மூலம் வாடகை உரிமை இன்னொரு கம்பெனிக்குப் போனது. கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாததால், அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறிய மாற்றமே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நீங்கள் இருப்பது சிப்காட் குத்தகை நிலம். ஒதுக்கீட்டு ஆணையையும் குத்தகைப் பத்திரத்தையும் எடுத்து, அமைப்பு மாற்றம் பற்றிய நிபந்தனையை வாசித்து, சிப்காட்டின் ஒப்புதலை முதலில் பெறுங்கள். நிலத்தில் தாய்க் கம்பெனிக்கு உள்ள உரிமையைக் காட்டாமல், வாரியத்தில் அதன் பெயரில் இசைவாணை கேட்க முடியாது.

வாரியத்திடம் சொல்லாமலிருப்பது பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்; அது தவறு, அதனால் நன்மையும் இல்லை. வருமான வரியில் எழுந்த இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2019இல் மாருதி சுசுகி வழக்கில், இணைப்பு பற்றித் துறைக்குத் தெரிவித்த பிறகும் கலைந்துபோன கம்பெனியின் பெயரில் பிறப்பித்த வரி விதிப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2022இல் மகாகுன் ரியல்டர்ஸ் வழக்கில் இணைப்பைத் தெரிவிக்காமல் பழைய பெயரிலேயே கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பை அதே நீதிமன்றம் தரவில்லை. இவை வரி வழக்குகள். உரிமத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிவித்தவருக்கும் தெரிவிக்காதவருக்கும் நீதிமன்றம் காட்டும் வேறுபாடு, உங்கள் தலைமை அலுவலகம் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. தவிரவும், உங்கள் ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்வது, தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கும் மக்களின் சார்பில் வாரியத்துக்குள்ள கடமை. அந்தத் தகவலை மறைத்துப் பெறும் இசைவாணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை நடத்துவது எவருக்கும் நிம்மதி தராது.

உள்ளூர் நிர்வாகியாக உங்களால் செய்யக்கூடியவை நிறைய உண்டு. இணைப்புத் திட்டத்தின் வரைவு இன்னும் உங்கள் தலைமை அலுவலகத்தில்தான் இருக்கிறது என்றால், உரிமங்கள், அனுமதிகள் என்று பொதுவாக எழுதியிருக்கும் பத்தியில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் என்ற சொற்களையும் சேர்க்கச் சொல்லி, உங்கள் விண்ணப்ப எண்ணையும் நாளையும் அட்டவணையில் குறிப்பிடச் செய்யுங்கள். விரைவு வழியில் திட்டத்தால் பாதிக்கப்படுவோர் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல அழைக்கப்படுகிறார்கள். அந்த அறிவிப்பின் ஒரு படியை வாரியத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். விண்ணப்ப எண், இணையப்போகும் இரண்டு கம்பெனிகளின் பெயர்கள், எதிர்பார்க்கும் நாள், இடமும் எந்திரங்களும் உற்பத்தி அளவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையும் மாறவில்லை என்ற உறுதி, இதே விண்ணப்பத்தைத் தாய்க் கம்பெனியின் பெயரில் தொடரலாமா அல்லது புதிதாகத் தர வேண்டுமா என்ற தெளிவான கேள்வி ஆகியவை அதில் இருக்கட்டும். கடைசியில் சொன்ன கேள்வியை விட்டுவிடாதீர்கள். அலுவலகம் அதற்குத் தரும் எழுத்துபூர்வமான பதில்தான் பின்னாளில் உங்களைக் காக்கும் ஆவணம்.

இணைப்புத் திட்டத்தில் இரண்டு நாட்கள் வரும். கணக்குகள் எந்த நாளிலிருந்து ஒன்றாகக் கருதப்படும் என்று குறிக்கும் நாள் ஒன்று. ஆணை கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகி நடைமுறைக்கு வரும் நாள் மற்றொன்று. முதல் நாள் பல மாதங்களுக்கு முந்தையதாக இருக்கலாம். கடிதத்தில் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். அவ்வாறு குறிப்பிடாவிட்டால், விண்ணப்பித்த நாளிலேயே உங்கள் கம்பெனி இல்லை என்று கோப்பில் எவரேனும் குறிப்பெழுத இடமாகிவிடும். நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் இசைவாணை வந்துவிட்டால் பெயர் மாற்றம் மட்டும் கேட்டால் போதுமானதாக இருக்கும். வராவிட்டால், அந்த நாளுக்குப் பின் பழைய கம்பெனியின் மின் கையொப்பத்தைக் கொண்டு இணையதளத்தில் எதையும் பதிவேற்ற வேண்டாம். தாய்க் கம்பெனியின் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் மூலம் உங்களையோ வேறொருவரையோ அதிகாரம் பெற்றவராக்கி, அவர் பெயரில் புதிய மின் கையொப்பம் வாங்கிய பிறகே அடுத்த ஆவணத்தைத் தாக்கல் செய்யுங்கள். அதற்கான தீர்மான வரைவை இப்போதே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தால், ஆணை வந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.